ஒளியைத் திருப்பும் தகட்டோடு திண்டிவனத்துக்கு

விழுப்புரம் சந்திப்பில் நான் இறங்கியபோது கோபமும் என்னோடு இறங்கியது. சொந்த ஊரான நாகர்கோவிலில் வண்டி கிளம்பியதிலிருந்து எதிர்ப் படுக்கைக்காரர் போனில் சத்தமாக வீடியோ பார்த்துக்கொண்டே வந்தார். நான் ஒரு துணிப்பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு விழித்தே வந்தேன். பைக்குள் ஒரு பிளாஸ்டிக் டப்பா, டப்பாவுக்குள் பஞ்சு, பஞ்சுக்குள் நகத்தளவு ஒரு தகடு. அதற்காகத்தான் ஜப்பானிலிருந்து வந்திருந்தேன்.

தகடு என்னுடையதல்ல. திண்டிவனத்தில் ஒரு தனியார் கல்லூரியில் ஆய்வு செய்யும் ரஹ்மத் என்ற பெண்ணுடையது. ஜப்பானின் சென்டாய் நகரில் நான் வேலை பார்க்கும் ஆய்வகத்துக்கு மூன்று மாதம் வந்து தங்கி, தானே செய்து, தானே அளந்து, ஆய்வேட்டை எழுதி முடித்தாள். அதைப் படித்த வெளித்தேர்வாளர் தன் அறிக்கையில் இப்படி எழுதிவிட்டார்: இவ்வளவு மெல்லிய தகடு ஒளியை இவ்வளவு திருப்பும் என்பது நம்பும்படி இல்லை, வெளிநாட்டில் பிறர் செய்து கொடுத்ததாகத் தோன்றுகிறது, வாய்மொழித் தேர்வன்று என் கண்முன் காட்ட வேண்டும். ரஹ்மத்தின் கணவர் ஷார்ஜாவில் இருக்கிறார். அவளும் மகளும் அங்கே போக விசா வந்துவிட்டது. காட்ட முடியாமல் ஆய்வேடு திரும்பினால், அவள் திரும்ப வந்து அதைத் தொடுவாள் என்று அவள் வீட்டில் யாரும் நினைக்கவில்லை. எனவே தகட்டைக் கையோடு கொண்டுவந்தேன். அந்த அறிக்கையைப் படித்த நாள் முதல் எனக்கு வயிறு எரிந்துகொண்டிருந்தது.

தேர்வாளர் எதை நம்பவில்லை என்று சொல்லிவிடுகிறேன். ஒளி ஓர் அலை. கயிற்றின் ஒரு முனையைப் பிடித்து ஆட்டினால் அலை ஓடுமே, அதுபோல. மேலும் கீழும் ஆடலாம், பக்கவாட்டில் ஆடலாம், சாய்வாகவும் ஆடலாம். எந்தத் திசையில் ஆடுகிறது என்று நம் கண்ணுக்குத் தெரியாது. ஆனால் அந்தத் திசையை இஷ்டப்படி திருப்ப முடிந்தால் அதை வைத்துச் செய்தி அனுப்பலாம், படம் காட்டலாம், இன்னும் எத்தனையோ செய்யலாம். காந்தத்தால் திருப்ப முடியும் என்பது பழைய சங்கதி. அதற்கு விரல்கடை நீளத்துக்குப் படிகக்கட்டி வேண்டும். ரஹ்மத்தின் தகட்டில் அதே வேலையைச் செய்யும் படலம் தலைமுடியின் தடிமனில் நூறில் ஒரு பங்குகூட இல்லை. அதில் ஒளியலையைவிடச் சின்னச் சின்னத் தூண்களை வரிசையாகச் செதுக்கியிருக்கிறாள். உள்ளே நுழைந்த ஒளி சட்டென்று வெளியேற முடியாமல் தூண்களுக்கிடையே சுற்றிச் சுற்றி வருகிறது. அந்தச் சுற்றலில் திரும்ப வேண்டியதெல்லாம் திரும்பிவிடுகிறது. காந்தத்தை மாற்றிப் பிடித்தால் எதிர்ப்பக்கம் திரும்பும். காந்தத்தை எடுத்துவிட்டாலும் கடைசியாகத் திருப்பி வைத்த நிலையைத் தகடு மறப்பதில்லை.

மறக்காது என்பதை நம்பித்தான் சென்டாயில் தகட்டின் இடப்பாதியை ஒரு திசையிலும் வலப்பாதியை எதிர்த்திசையிலும் பதித்து வைத்திருந்தோம். விளக்கைப் போட்டால் திரையில் பாதி வெளிச்சம், பாதி இருட்டு, நடுவில் கத்தியால் கீறியதுபோல் கோடு. தேர்வாளரின் வாயை அடைக்க அது போதும் என்று எனக்கு ஒரே மிதப்பு. வழியில் காந்தப் பிடி வைத்த போன் உறையைக்கூட அதன் பக்கத்தில் அண்டவிடவில்லை.

ரஹ்மத் நடைமேடைக்கே வந்திருந்தாள். "வாங்க மேடம். தூங்கவே இல்லையா? கண்ணு செவந்துகினு இருக்குது" என்றாள். நிலையத்துக்கு எதிரே ஒரு கடையில் பொங்கல் சாப்பிட்டோம். பொங்கலைக் குறை சொல்ல முடியாது. காபியைச் சொல்லலாம். சர்க்கரை வேண்டாம் என்று இரண்டு தடவை சொன்னேன். "கம்மியாத்தான் போட்டிருக்கேன்" என்று கடைக்காரர் காபி என்ற பெயரில் பாயசத்தைக் கொண்டுவந்து வைத்தார். சென்டாயில் வேண்டாம் என்றால் வேண்டாம்தான். நம் ஊரில் வேண்டாம் என்பது பேரத்தின் தொடக்கம்.

பேருந்து நிலையத்தில் திண்டிவனம் வண்டி புறப்படத் தயாராக உறுமிக்கொண்டிருந்தது. தனியார் பேருந்து. உள்ளே ஊதா விளக்கு, கண்ணாடி முழுக்க மயிலிறகுப் படம், காது கிழியும் பாட்டு. "ஜல்தி ஏறுங்க, உள்ள போய்க்கினே இருங்க, நடுவுல நிக்காதீங்க" என்று நடத்துநர் எங்களைத் தள்ளி ஏற்றினார். உட்கார இடமில்லை. ஒரு கையால் கம்பி, ஒரு கையால் பை. ரஹ்மத் எனக்கு இரண்டு ஆள் தள்ளி மாட்டிக்கொண்டாள்.

அந்த வட்டாரத்தில் நிற்பவரின் பையை உட்கார்ந்திருப்பவர் மடியில் வாங்கி வைத்துக்கொள்வது வழக்கம். எங்கள் ஊரிலும் உண்டு. ஜப்பானில் இருபது வருடம் இருந்ததில் அதை நான் மறந்துபோயிருந்தேன். அருகில் மல்லாட்டை என்று அங்கே சொல்லும் வேர்க்கடலையை உரித்துத் தின்றுகொண்டிருந்த அம்மாள், "நிக்க முடியாம நிக்கிறியே, குடும்மா பைய, நான் வச்சிக்கினு இருக்கேன்" என்றார். வேண்டாம் என்றேன். "அட குடும்மா" என்றார். ஓட்டுநர் பிரேக் போட்டார், நான் இரண்டு கையாலும் கம்பியைப் பிடித்தேன், பை அவர் மடிக்குப் போய்விட்டது. ஒரு கைப்பிடி மல்லாட்டை என் கைக்கு வந்தது.

விக்கிரவாண்டியில் அந்த அம்மாள் இறங்கினார். இறங்குமுன் பையை அடுத்த இருக்கைக்காரரிடம் பொறுப்பாக ஒப்படைத்தார். அவர் மடியில் குழந்தை. அவர் முன்னால் இருந்தவரிடம் கொடுத்தார். "பாத்து, பாத்து, கண்ணாடி சாமானாம்" என்று யாரோ சொன்னது கேட்டது. நடுவில் ஏறிய கூட்டத்தில் என்னால் ஓரடி நகர முடியவில்லை. "பை! பை!" என்று கத்தினேன். "பத்திரமா இருக்குதும்மா" என்று நாலைந்து பேர் ஒரே குரலில் பதில் சொன்னார்கள்.

திண்டிவனத்தில் கூட்டம் இறங்கியபின்தான் பார்த்தேன். ஓட்டுநருக்குப் பின்னால், பலகையால் அடித்த இடுப்புயர ஒலிபெருக்கிப் பெட்டியின் மேல், என் பை பாட்டுக்கு ஏற்ப அதிர்ந்துகொண்டிருந்தது. பெட்டியின் மேல்பக்கம் உள்ளங்கையை வைத்தேன். அங்கேதான் அடித்தொனி முழக்கும் பெரிய ஊஃபர், காந்தம் மேலே வரும்படி தலைகீழாக. அதன் காந்தம் சோற்றுத்தட்டு அகலம். பைக்கும் அதற்கும் நடுவில் கால் அங்குலப் பலகை.

எனக்கு இரத்தம் தலைக்கேறியது. நடத்துநரைப் பிடித்துக்கொண்டேன். யாரைக் கேட்டு இங்கே வைத்தீர்கள், இது என்னவென்று தெரியுமா, ஒரு பெண்ணின் ஐந்து வருட உழைப்பு தெரியுமா என்று நிலையமே திரும்பிப் பார்க்கும்படி கத்தினேன். அவர் திகைத்துப் போனார்.

"மேல ரேக்குல வச்சா வுழுந்துடும்னுதான் பாக்ஸ் மேல வச்சோம். அதான் சேஃப்பு. எதுக்கு மேடம் பேஜாரு பண்றீங்க? பை இருக்குதுல்ல? எதுனா காணாமப் போச்சா?"

காணாமல் போகவில்லை. கெட்டது செய்தவரைத் திட்டலாம். ஒரு பேருந்தே சேர்ந்து நல்லது செய்து வைத்தால் யாரைப் பிடித்துத் திட்டுவது? ரஹ்மத் என் முழங்கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனாள்.

கல்லூரியில் போய் நுண்ணோக்கியில் வைத்துப் பார்த்தோம். நடுக்கோடு இல்லை. பாதி வெளிச்சமும் இல்லை, பாதி இருட்டும் இல்லை. ஈரச்சுவரில் பூஞ்சை பிடித்ததுபோல் திட்டுத்திட்டாக இருந்தது. ஊஃபர் தன் இஷ்டத்துக்குத் திருப்பியிருந்தது. நான் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டேன். ரஹ்மத் குனிந்தபடியே நெடுநேரம் பார்த்தாள்.

சென்டாயில் என் சக ஊழியரைப் போனில் அழைத்தேன். "பேருந்தில் எதற்கு அவ்வளவு பெரிய ஒலிபெருக்கி?" என்று கேட்டார். சொன்னேன். "ஒருவர் பையை இன்னொருவர் ஏன் மடியில் வைத்துக்கொள்ள வேண்டும்? அவருக்கு என்ன லாபம்?" என்றார். அந்தக் கேள்வியில் எனக்கு அவர்மேலும் கோபம் வந்துவிட்டது. அந்தப் பாதி-பாதிப் படத்தைத் தகட்டில் பதிக்கும் கருவி சென்டாயில் மட்டும்தான் இருக்கிறது, திரும்பிக் கொண்டுவந்தால் பார்க்கலாம் என்றார். தேர்வு மறுநாளைக்கு மறுநாள்.

அடுத்த நாள் காலை கல்லூரிக்குப் போனபோது ரஹ்மத் ஆய்வகத்தில் இல்லை. பிரியாணி மாஸ்டரிடம் பேசப் போயிருந்தாள். தேர்வுக்கு வருகிறவர்களுக்கெல்லாம் பட்டம் வாங்குகிறவர்தான் சாப்பாடு போட வேண்டுமாம். சால்வை, பழத்தட்டு, இனிப்பு, காரம், காபி, அப்புறம் விருந்து. சட்டத்தில் எங்கும் இல்லை, எல்லாக் கல்லூரியிலும் உண்டு. அவளுடைய நெறியாளர் சிரித்துக்கொண்டே சொன்னார்: "எங்க காலத்துல நாங்களும் போட்டோம் மேடம்." அதற்குப் பெயர் நியாயமா? சென்டாயில் தேர்வு முடிந்தால் பேராசிரியர்தான் மாணவருக்குச் சாப்பாடு வாங்கித் தருவார். அதைச் சொன்னேன். "அது ஜப்பான்" என்றார். பேச்சு முடிந்தது.

ரஹ்மத் ருசி பார்க்க ஒரு சமோசாவோடு திரும்பி வந்தாள். "தேர்வாளருக்கு நெஞ்செரிச்சலாம், காரம் கம்மியா இருக்கணும்னு நெறியாளர் சொன்னாரு. தின்னு பாருங்க மேடம்" என்றாள். நான் வெடித்தேன். தகடு போச்சு, படம் போச்சு, உனக்குச் சமோசாவா என்று கத்தினேன்.

அவள் சமோசாவைக் காகிதத்தில் மடித்து வைத்தாள். "அவரு படத்தையா கேட்டாரு? திரும்புதா இல்லையான்னுதானே கேட்டாரு? தகடு உடையல. மறந்துதான் போச்சு. மறுபடி திருப்பிக் காட்டினா ஆச்சு" என்றாள்.

காந்தச்சுருள் ஒன்று வைத்திருந்தாள். வட்டாரம் முழுக்க ஆழ்துளைக் கிணற்று மோட்டார் ஓடுவதால் திண்டிவனத்தில் செம்புக்கம்பி சுற்றும் கடைக்குப் பஞ்சமில்லை. அளவு கொடுத்துச் சுற்றி வாங்கியிருந்தாள். நடுவில் ஒளி போகத் துளை போட்ட இரும்பு. மின்சாரத்தை விட்டால் காந்தம், மாற்றி விட்டால் எதிர்க் காந்தம். அதன் வாயில் தகட்டை நிறுத்தினோம். ஒரு பக்கம் செல்லில் எரியும் சிவப்பு லேசர், மறுபக்கம் ஒளியின் ஒரு திசையை மட்டும் விடும் வடிகட்டி, அதற்கப்பால் வெள்ளைத்தாள். சுவிட்சைப் போட்டாள். தாளில் சிவப்புப் புள்ளி எரிந்தது. மாற்றிப் போட்டாள். அணைந்தது. அன்று முழுக்க அதையே செய்தோம். அவள் வீட்டிலிருந்து கோட்டக்குப்பத்து நெய்ச்சோறும் கறியும் வந்திருந்தது. நான் திட்டிக்கொண்டே இரண்டு தட்டு தின்றேன்.

தேர்வு நாள். காலையில் மின்விசிறி நின்றது. மாதாந்திரப் பராமரிப்பு, சாயங்காலம்தான் கரண்ட் வரும் என்று ஊருக்கே தெரிந்திருக்கிறது. தேதி குறித்த நெறியாளருக்குத் தெரியவில்லை. கல்லூரி ஜெனரேட்டர் பழுது. "பேச்சுக்கு மைக் வேணாம், ஜன்னலைத் திறந்துக்கலாம்" என்றார். சுருள் எதில் ஓடும் என்றேன். ஜன்னலைத் திறக்கப் போனார்.

தேர்வாளர் விழுப்புரம் சந்திப்பிலிருந்து கல்லூரிக் காரில் வந்து இறங்கினார். வாய்நிறையச் சிரிப்பு. ரஹ்மத் பேசினாள். வியர்வை ஒழுக, தாளைப் பார்க்காமல் பேசினாள். அவர் இரண்டு கேள்வி கேட்டார். இரண்டுக்கும் பதில் வருமுன் தலையாட்டினார். பிறகு, "சாப்டுட்டுப் பாப்போம்" என்று எழுந்தார்.

எல்லோரும் பந்திக்குப் போனார்கள். ரஹ்மத் போகவில்லை. வேப்பமரத்தடியில் நின்ற காருக்குப் போனாள். நானும் பின்னால் ஓடினேன். ஓட்டுநர் ஏழுமலை வல்லம் பக்கத்துக்காரர், கதவைத் திறந்துவைத்துக் கால் நீட்டிப் படுத்திருந்தார்.

"அண்ணா, பேட்டரி கொஞ்ச நேரம் வேணும்."

"எதுக்கும்மா?"

"கரண்டு இல்ல. நான் பண்ணத அவருக்குக் காட்டணும்."

அவர் பந்தி நடந்த பக்கம் எட்டிப் பார்த்தார். "இப்பத்தான் பிரியாணி வைக்கிறாங்கோ. எடுத்துக்க. திரும்ப நான்தான் மாட்டுவேன், நீ தொடாத" என்று சொல்லி அவரே கழற்றி மாடிக்குத் தூக்கி வந்தார். சுருளை இணைத்தோம். புள்ளி எரிந்தது, அணைந்தது. ரஹ்மத் முகத்தை முந்தானையால் துடைத்துக்கொண்டாள்.

நாங்கள் கீழே வந்தபோது தேர்வாளர் கை கழுவிவிட்டு, சால்வையோடு நின்றார். "ரொம்ப சந்தோஷம். பட்டத்துக்குப் பரிந்துரை பண்ணி எழுதிட்டேன்" என்றார். சுற்றி நின்றவர்கள் கைதட்டினார்கள். "சோதனையப் பாக்கலையே சார்?" என்றார் யாரோ. அவர் நெறியாளரிடம் குரலைத் தாழ்த்தினார். தாழ்த்தியும் எல்லோருக்கும் கேட்டது.

"ஜப்பான்ல செஞ்சு கொடுத்தத இங்க வச்சு நோண்டி என்ன ஆகப்போகுது? போகட்டும். குழந்தைக்காரி, புருஷன் வேற காத்திருக்கான். பாவம். எனக்கு டிரெயினுக்கு நேரமாச்சு."

இரண்டு நாளாகக் கண்டவர்மேலெல்லாம் கொட்டித் தீர்த்த கோபம் அத்தனையும் இவருக்கென்று வைத்திருக்க வேண்டியது. வாயைத் திறந்தேன். அதற்குள் ரஹ்மத் முன்னால் போய் நின்றாள்.

"சார், கார் கெளம்பாது."

"ஏன்?"

"பேட்டரி மேல லேப்ல இருக்குது."

அவர் சிரிப்பு போய்விட்டது. "என்னம்மா, மிரட்டுறியா? பாஸ் போட்டாச்சு, இன்னும் என்ன வேணும் உனக்கு?"

"பாவம் பாத்துப் போட்டீங்க சார். அது வேணாம். காட்டணும்னு நீங்கதான் எழுதினீங்க. ரெண்டு நிமிஷம் வந்து பாருங்க. பொய்யின்னு தெரிஞ்சா, எழுதினத அடிச்சுட்டுப் போங்க."

நெறியாளர் முகத்தில் ஈயாடவில்லை. "ரஹ்மத், என்ன இது" என்று முணுமுணுத்தார். அவள் அவர் பக்கம் திரும்பவில்லை. படிக்கட்டைப் பார்த்துக் கையை நீட்டியபடி நின்றாள். கைதட்டியவர்கள் எல்லோரும் வேடிக்கை பார்த்துக்கொண்டு நின்றார்கள். தேர்வாளர் சால்வையைக் கழற்றி நெறியாளர் கையில் திணித்துவிட்டு மாடியேறினார்.

ஜன்னல் திரையை இழுத்துவிட்டு ரஹ்மத் மேசையைவிட்டுத் தள்ளி, சுவரோரம் போய் நின்றாள். "நான் எதையும் தொடல. நீங்களே போடுங்க சார்" என்றாள். அவர் சுவிட்சைப் போட்டார். புள்ளி எரிந்தது. மாற்றிப் போட்டார். அணைந்தது. மேசைக்கு அடியில் கையைவிட்டுத் துழாவினார். தகட்டை எடுத்துவிட்டுப் போட்டார். எப்படிப் போட்டாலும் புள்ளி மங்கலாகவே நின்றது. தகட்டைத் திரும்ப வைத்துப் போட்டார். எரிந்தது. சுருளுக்குப் போகும் மின்சாரத்தை நிறுத்தினார். அப்போதும் எரிந்துகொண்டிருந்தது.

"தூணோட உயரம் எவ்வளவு?" என்றார். அன்று அவர் பதிலுக்குக் காத்திருந்த முதல் கேள்வி அதுதான். அவள் சொன்னாள். எதனால் அந்த உயரம் என்றார். அதையும் சொன்னாள். கீழே நெறியாளர் டிரெயின், டிரெயின் என்று யாரிடமோ சொல்வது கேட்டது. தேர்வாளர் இன்னும் இரண்டு முறை சுவிட்சை மாற்றிப் போட்டுப் பார்த்தார். "ம்" என்றார். பிறகு இறங்கிப் போய்விட்டார். ஒரு பாராட்டு இல்லை, தப்பாக எழுதிவிட்டேன் என்று ஒரு சொல் இல்லை. ஏழுமலை பேட்டரியைத் தோளில் வைத்துக்கொண்டு அவருக்குப் பின்னால் இறங்கினார்.

கார் கிளம்பும் சத்தம் கேட்டதும் நான் ஆரம்பித்தேன். என்ன மனுஷன், ஒரு வார்த்தை சொன்னால் வாய் முத்து உதிர்ந்துவிடுமா, பிரியாணி தின்றாரே, சால்வை போர்த்திக்கொண்டாரே, மன்னிப்புக் கேட்கத் தெரியவில்லையா என்று ஆய்வகம் அதிரத் திட்டினேன். ரஹ்மத் தகட்டைப் பஞ்சில் வைத்து டப்பாவை மூடினாள்.

"வுடுங்க மேடம். பாத்துட்டாரு. இனிமே பாக்கலன்னு அவரால சொல்ல முடியாது."